மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு காடும்

ஜனவரி 19, திங்கள்

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஊரார் கணக்கைப் பார்த்தவனுக்கு வீட்டில் பார்ப்பதற்குக் கணக்கே இல்லை. பால் அட்டையை மட்டும் வாரம் ஒருமுறை தணிக்கை செய்கிறேன். நேற்று அதில் அரை லிட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, பால்காரரை வாசலில் நிறுத்தி விளக்கம் கேட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி தெய்வானை வந்து, அந்த அரை லிட்டர் பொங்கலுக்கு அதிகமாக வாங்கியது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். பிறகு என்னிடம், "ஏனுங்க, எங்கியாச்சும் வெளியூரு போயிட்டு வாங்களே" என்றாள். தனியாகவா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஆகவே பிப்ரவரியில் இருவரும் பயணம் போகிறோம். காட்டுக்குப் போய் ஜீப்பில் சஃபாரி சுற்றுவது என்று நான் முடிவு செய்தேன். காடு எதற்கு என்று அவள் கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். வயதானவர்களுக்குச் சுத்தமான காற்று அவசியம் என்று மருத்துவர் ஒருவர் வாரப் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவள் அதைக் கேட்கவில்லை. எந்தக் காடு என்று மட்டும் கேட்டாள். மைசூருக்கு அப்பால், எச்.டி.கோட்டே பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, அப்படியானால் மைசூரிலும் மூன்று நாள் தங்க வேண்டும் என்றாள்.

இதை வாசிக்க யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். எங்களுக்கு ஒரே மகன், பெயர் தீரன். பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நல்ல வேலையில் இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் அதை உதறிவிட்டு, காட்டோரத்து விடுதி ஒன்றில் வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மிருகங்களைக் காட்டும் வேலையில் சேர்ந்தான். அதற்கு நேச்சுரலிஸ்ட் என்று பெயராம். நான் சில வார்த்தைகள் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. அந்த விடுதியும் எச்.டி.கோட்டே பக்கத்தில்தான் இருக்கிறது. அது தற்செயல். அவனைப் பற்றி இந்தக் குறிப்பேட்டில் எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஜனவரி 22, வியாழன்

எந்தப் பொருள் வாங்கினாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, அதில் குறைந்ததை ஏற்க வேண்டும் என்பது விதி. நான் மிக்ஸி வாங்கியதும் இப்படித்தான், தெய்வானைக்குப் பல் கட்டியதும் இப்படித்தான். குறைந்ததை விட்டுவிட்டு அதிகமானதை ஏற்றவர்களுக்கு நான் எழுதிய தணிக்கைத் தடைகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். சத்தியமங்கலத்துச் சங்கச் செயலாளர் ஒருவர் இரும்பு நாற்காலிக்காக என்னிடம் கண்ணீர் விட்டிருக்கிறார்.

காட்டு விடுதிகள் மூன்றுக்குப் போன் செய்து விலை கேட்டேன். முதல் விடுதி நியாயமான விலை சொன்னது. இரண்டாவது அதைவிட நாலாயிரம் அதிகம். மூன்றாவது ஹொன்னே விடுதி. முதல் விடுதியின் விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரிசீலனைக்குப் பின் ஹொன்னே விடுதியை ஏற்றுக்கொண்டேன். குறைந்த விலைப்புள்ளியை நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஒன்று, அங்கே வெந்நீர் எல்லா நேரமும் வரும். இரண்டு, போனில் பேசிய பெண்ணின் குரல் மரியாதையாக இருந்தது. மூன்று, படத்தில் பார்த்த கட்டடத்தின் ஓடு நல்ல சிவப்பு.

தெய்வானை மூன்று காரணங்களையும் என் தோளுக்கு மேலாக நின்று படித்தாள். "அதான் முடிவு பண்ணீட்டீங்களே, அப்பறம் மத்த ரெண்டு பேருத்துக்கு எதுக்குங்க போன் காசு?" என்றாள். விதிமுறைகள் அவளுக்குப் புரிவதில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நகரச் செலவு. காட்டில் இரண்டு இரவு, மைசூரில் மூன்று இரவு என்று திட்டம். காட்டு விடுதிக்கே மொத்தத்தில் முக்கால் பங்கு போய்விடுகிறபடியால் மைசூரில் கையைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அறை போதும் என்றேன். முப்பது வருடமாக நான் சொன்ன அறையில் தங்கிய தெய்வானை, இந்த முறை மூன்று பேர் படுக்கிற அறைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரண்டு பேருக்கு மூன்று கட்டில் எதற்கு என்று கேட்டேன். முதுகு வலியாம், ராத்திரியில் கட்டில் மாற்றிப் படுப்பாளாம். இந்த முதுகு வலி இதற்கு முன் என் பார்வைக்கு வைக்கப்படவில்லை. பட்டுச் சேலைக் கடையில் இறக்கிவிடச் சொல்வதற்கான முன்னேற்பாடாக இருக்கலாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

யானைகளைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்தேன். பெரியவை.

பிப்ரவரி 4, புதன்

வீடு முழுக்க எண்ணெய் வாசனை. தெய்வானை இரண்டு பெரிய டப்பா நிறைய முறுக்கு சுட்டிருக்கிறாள், கடலைப்பருப்பு ஒப்பிட்டு (மற்றவர்கள் போளி என்பது) வேறு தட்டிக்கொண்டிருக்கிறாள். விடுதியில் மூன்று வேளையும் சாப்பாடு போடுகிறார்கள், அதற்குத்தான் அத்தனை பணம் என்று எடுத்துச் சொன்னேன். ஒப்பிட்டு எனக்குச் சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து ஆகாது, அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. யாருக்கு இது என்று கேட்டதற்கு, மைசூரில் பசித்தால் சாப்பிடலாம் என்றாள். பிறகு கரூரில் இருக்கும் தங்கையோடு பேச வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். கரூர்த் தங்கையோடு இந்த மாதம் அவள் பேசுகிற அளவுக்கு அந்தத் தங்கைக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

நான் என் பங்குக்கு முடி வெட்டிக்கொண்டு மீசைக்கும் சாயம் அடித்தேன். காட்டில் தூசி அதிகம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரவு ரயிலில் ஈரோட்டை விட்டு, காலையில் மைசூர் வந்து, அங்கிருந்து டாக்ஸியில் மதியம் ஹொன்னே விடுதிக்கு வந்து சேர்ந்தோம். வெந்நீர் வருகிறது. ஓடு சிவப்புதான்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு கரும்பலகை இருக்கிறது. எந்த ஜீப்பில் எந்த விருந்தினர், அதை ஓட்டும் நேச்சுரலிஸ்ட் யார் என்று தினமும் எழுதிப்போடுகிறார்கள். எங்கே போனாலும் அறிவிப்புப் பலகையைப் படிப்பது என் வழக்கம். மூன்று முறை படித்தேன். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அதில் நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெயர்கள் இல்லை.

மாலை சஃபாரியில் மான், காட்டெருமை, மயில். காட்டுக்குள் ஜீப்புகள் எதிரும் புதிருமாக நிறைய வருகின்றன. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே பச்சைச் சட்டை, ஒரே தொப்பி. முகம் பார்ப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிர்வாகம் இதைக் கவனிக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

காலையிலும் மாலையிலும் சஃபாரி. காலையில் போனபோது தெய்வானை மிகவும் சந்தோஷமாக இருந்தாள். திரும்பி வந்ததும் பக்கத்து மேசைக் குடும்பத்தோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

பலகையில் இன்றும் அதே பெயர்கள்தான். நாளைக் காலை மைசூருக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஆனால் காட்டை இரண்டு நாளில் முழுமையாகப் பார்த்துவிட முடியாது என்று யானைப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே இங்கே ஒரு இரவைக் கூட்டி, மைசூரில் ஒரு இரவைக் குறைத்தேன். வித்தியாசத் தொகைக்குப் பட்டுச் சேலையும் அரண்மனை நுழைவுச் சீட்டும் போயின. சேலை போனதற்காகச் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மைசூரை எதற்குக் குறைத்தீர்கள் என்றுதான் மறுபடி மறுபடி கேட்டாள். அரண்மனை எங்கேயும் ஓடிவிடாது என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. தோட்டத்தில் ஒரு மூலைக்குப் போய்க் கரூர்த் தங்கையோடு நெடுநேரம் பேசினாள்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் ரிசப்ஷனில் தமிழ் பேசத் தெரிந்த ஆளாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தெய்வானைக்குக் கன்னடமும் ஆங்கிலமும் சரளமில்லை என்பது காரணம். மாதன் என்று கூடலூர்க்காரர் ஒருவரை அனுப்பினார்கள். நல்ல மனிதர், ஓட்டுநர் மட்டும்தான். தமிழ் பேசும் நேச்சுரலிஸ்ட் கிடையாதா என்று பொதுவாக விசாரித்தேன்.

"ஒருத்தர் இருக்கார் சார், உங்க ஊர்ப் பக்கம்தான். நல்லா விளக்கிச் சொல்லுவார். ஆனா அவர் லீவு போட்டுட்டுப் போயிருக்கார். ரெண்டு வருஷமா அப்பா அம்மாவப் பாக்கல, போய்ப் பாத்துட்டு வரேன்னு சொன்னார்" என்றார் மாதன்.

அதற்குப் பிறகு சஃபாரியில் என்ன வந்தது, என்ன போனது என்று எனக்குத் தெரியாது.

மனத்தில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அவன் ஈரோட்டுக்குப் போயிருக்கிறான். இரண்டு வருடம் கழித்து அவனாக இறங்கி வந்து வீட்டுக்குப் போயிருக்கிறான், வீடு பூட்டியிருக்கிறது. இருக்கிற காட்டையெல்லாம் விட்டு அவன் விடுதிக்கு நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். அப்பன் வேண்டுமென்றே பூட்டிவிட்டுப் போய்விட்டான் என்றுகூட நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கக்கூடிய அளவுக்குத்தான் நான் பேசியிருக்கிறேன்.

எதிர்வீட்டு ராக்கியப்பனுக்குப் போன் செய்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று கேட்டேன். ஊற்றுகிறாராம். யாராவது வந்தார்களா என்று கேட்டேன். கேபிள்காரர் வந்தாராம். வேறு யாராவது, இருபத்தேழு இருபத்தெட்டு வயதில், கொஞ்சம் உயரமாக என்று கேட்டேன். திருடன் பயமா, போலீசுக்குச் சொல்லிவைக்கவா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தெய்வானையிடம் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் அழுவாள். மேலும் ஹொன்னே விடுதியை ஏற்ற காரணங்களை மறுபரிசீலனை செய்வாள். மைசூரை முழுவதுமாக ரத்து செய்துவிட்டு, நாளைக் காலை இங்கிருந்து சாம்ராஜ்நகர் வழியாக நேரே ஈரோட்டுக்குப் போகிறோம். டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. காரில்

எழுத்து கோணலாக இருப்பதற்குச் சாலை காரணம்.

காலையில் பெட்டியெல்லாம் ஏற்றிய பிறகுதான் ஈரோட்டுக்கு என்று டிரைவரிடம் சொன்னேன். தெய்வானை காரில் வைத்த காலை எடுத்துவிட்டாள். மைசூருக்குத்தான் வருவேன் என்றாள். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். மைசூரில் டாக்டர் இல்லையா என்றாள். பணம் தீர்ந்துவிட்டது என்றேன். தன் வளையல் இருக்கிறது என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் நான் குரலை உயர்த்தினேன். விடுதிப் படிக்கட்டில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு நாளா அவன் மைசூர்ல உக்காந்திருக்கறானுங்க" என்றாள்.

எவன் என்று கேட்டேன்.

"உங்க பையன்தானுங்க. நீங்க எதுக்கு இந்தக் காட்டுக்கு வாறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க வாயும் எனக்குத் தெரியும். அவன் வேலை செய்யற எடத்துல, நாலு பேர் முன்னால, மறுக்காவும் எதையாச்சும் சொல்லிப்போட்டீங்கன்னா அவன் என்ன பண்ணுவான்? அதனாலதான் லீவு போடச் சொன்னேன். மைசூர்ல வெச்சுப் பேசிக்கலாம்னு சொன்னேன். நீங்க ஒவ்வொரு நாளாக் கொறைக்கக் கொறைக்க, அப்பாவுக்கு வர மனசில்லியாம்மான்னு கேக்கறான். நான் என்னன்னு சொல்றது?"

கரூர்த் தங்கை யார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாவது கட்டிலும் விளங்கியது. முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் மறைத்ததைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

இவள் முன்பே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். டிரைவரிடம் மைசூருக்கு என்றேன். இருப்பதிலேயே தூரம் குறைந்த வழியில் போகச் சொன்னேன். இருப்பதே ஒரு வழிதான் என்றார்.

அதே நாள், மாலை. மைசூர்

ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கறுத்து, மெலிந்து, ஆனால் நிமிர்ந்து இருந்தான். தெய்வானை அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பெட்டிகளை எண்ணினேன். டாக்ஸிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். ரொம்ப அதிகம் என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இது. என் மகன்தான், சந்தேகமில்லை.

பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பிடும்போது மழை, ரயில், ராக்கியப்பனின் மூட்டுவலி என்று எல்லாவற்றையும் பேசினோம். இலை எடுத்து, கை கழுவி வந்து, காபிக்குக் காத்திருந்தபோதுதான் புலி ஏதாவது பார்த்தீர்களா அப்பா என்று கேட்டான். காட்டில் மான்கள் நிறைய என்றேன்.

"இவரெங்க புலியப் பாத்தாரு?" என்றாள் தெய்வானை. "முந்தாநேத்து காலைல வண்டிக்கு முன்னாலயே நடந்து போச்சு. எல்லாரும் மூச்சு விடாம பாக்கறாங்க. இவரு எதிர்த்தாப்ல நின்ன ஜீப்புல டிரைவர் சீட்டயே எட்டி எட்டிப் பாத்துட்டிருந்தாரு."

காபி வந்தது. தீரன் அதை ஆற்றவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"அப்பா, நீங்க என்னப் பாக்க வந்தீங்களா, பழைய வேலைக்குத் திரும்பக் கூப்பிட வந்தீங்களா?" என்று கேட்டான்.

இதற்கென்று காரில் ஒரு பதில் தயார் செய்திருந்தேன். பொதுவாக, பெற்றோர் என்ற முறையில், உன் எதிர்காலத்தை முன்னிட்டு என்று தொடங்கும் பதில்.

"நீ ஓட்டற ஜீப்புல உக்காரோணும்னு வந்தேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். காபி ஆவி என்று எழுதலாம். ஆனால் காபி அதற்குள் ஆறிப்போயிருந்தது. இந்தப் பையன் இல்லாமல் இரண்டு வருடம் எப்படிக் கழிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பால் அட்டையைப் பார்த்துக் கழித்திருக்கிறேன்.

ஹொன்னேயில் எங்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டான். தெய்வானை சொல்லிவிட்டாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அங்க வேலை செய்யறவங்க வீட்டாளுகளுக்குத் தங்கறதும் சஃபாரியும் இலவசம்ப்பா. புக் பண்ணறப்பவே கேட்டிருப்பாங்களே, உங்க சொந்தக்காரங்க யாராச்சும் இங்க வேலை பாக்கறாங்களான்னு?"

கேட்டாள், அந்த மரியாதையான குரல்காரப் பெண். இல்லை என்று சொன்னேன். அதை இந்தக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டதும் நான்தான். நான் சுவரிலிருந்த விலைப் பலகையைப் படிக்கத் தொடங்கினேன். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெய்வானை என்னைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒருமுறையும் பார்த்ததில்லை.

டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலை சஃபாரிக்குத் தனக்கு வண்டி இருப்பதாகச் சொன்னான். நாளைச் சாயங்காலம் தன்னோடு திரும்பி வரமுடியுமா என்று கேட்டான். வருகிறோம் என்றேன்.

"மறுபடியும் கேப்பாங்க, யாருன்னு."

"தீரனோட அப்பான்னு சொல்றேன்."

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். ஏற்கெனவே ஒருமுறை கழுவிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தான்.